மேக்ஸ்வெல்ஸின் பின்னறை: இருநூறு பேர் நின்று கேட்ட வரலாறு

நமது சங்க மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றால் அணைக்கட்டு, ரயில் பாலம், ராக்கெட் என்று ஏதாவது பெரிய விஷயமாக இருக்கும். இந்தத் தடவை ஒரு மதுக்கடையின் பின்னறையைப் பற்றி எழுதுகிறேன். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். விஷயத்தில் துறைமுகம் உண்டு, கப்பல் உண்டு, ஒலியியல் உண்டு. கடைசியில் நம்ம காலேஜுக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோபோக்கன் என்று ஓர் ஊர். ஹட்சன் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஹோபோக்கன், அந்தக் கரையில் மன்ஹாட்டன். 'ஒரு சதுர மைல் ஊர்' என்று செல்லப்பெயர். அங்கே வாஷிங்டன் தெருவும் 11-ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் 'மேக்ஸ்வெல்ஸ்' என்று ஒரு கடை இருந்தது. முன்னால் சாப்பாடும் பாரும். பின்னால் ஓர் அறை, அதில் ஒரு சின்ன மேடை. சுமார் இருநூறு பேர் நின்றால் மூச்சு முட்டும். 1978 முதல் 2013 வரை, நடுவில் கொஞ்ச காலம் நீங்கலாக, அந்த அறையில் ராக் இசை கேட்டது. அங்கே வாசித்தவர்களில் சிலர் பிறகு ஸ்டேடியங்களை நிரப்பினார்கள். சிலர் ஸ்டேடியம் பக்கமே போகாமல் நாற்பது வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். என் அபிமானக் குழு 'யோ லா டெங்கோ' இரண்டாவது வகை.

'இண்டி ராக்' என்றால் என்ன என்று ஜூனியர்கள் கேட்க மாட்டார்கள். சீனியர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய ரெக்கார்டு கம்பெனிகளின் பணமும் விளம்பரமும் இல்லாமல், சின்னக் கம்பெனிகள் மூலம் தட்டு வெளியிட்டு, வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசிக்கும் குழுக்களின் இசை. 'இண்டிபெண்டண்ட்' என்பதன் சுருக்கம். இந்த இசைக்கு ரேடியோ பெரிதாக இடம் கொடுக்கவில்லை. இடம் கொடுத்தவை மேக்ஸ்வெல்ஸ் மாதிரி அறைகள்தான்.

கப்பலால் காலியான ஊர்

ஓர் ஊரில் இப்படி ஓர் அறை எப்படி முளைக்கிறது? யாரும் திட்டம் போட்டு முளைப்பதில்லை. ஹோபோக்கன் கதையில் காரணம் ஒரு கப்பல்.

ஹோபோக்கன் துறைமுகத் தொழிலாளர்களின் ஊர். மார்லன் பிராண்டோ நடித்த 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' (1954) படத்தை அங்கேதான் எடுத்தார்கள். மூட்டை முடிச்சுகளைக் கொக்கியால் தூக்கி முதுகில் சுமந்த காலம் அது. 1956 ஏப்ரல் 26-ந் தேதி, பக்கத்திலுள்ள நூவார்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளுடன் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் யோசனை. இன்று உலகம் முழுக்க ஓடும் கன்டெய்னர் போக்குவரத்தின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள்.

கன்டெய்னருக்கு ஆள் பலம் வேண்டாம், இடம் வேண்டும். பெட்டிகளை அடுக்க ஏக்கர் கணக்கில் காலி நிலம். நூவார்க், எலிசபெத் பக்கம் சதுப்பு நிலம் கிடந்தது. ஹோபோக்கனில் துறையை ஒட்டியே தெருவும் வீடுகளும். எங்கே அடுக்குவது? சரக்கு அங்கே போய்விட்டது, பின்னாலேயே வேலையும் போய்விட்டது. 1970களில் ஹோபோக்கன் தளர்ந்து கிடந்தது. வாடகை சல்லிசு. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. மன்ஹாட்டன் வாடகை கட்டுப்படியாகாத ஓவியர்களும் பாட்டுக்காரர்களும் ஆற்றைத் தாண்டி வர ஆரம்பித்தார்கள். பகலில் ஒரு வேலை, ராத்திரி கிடார் என்று பிழைக்க முடிந்தது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. ஊரின் மதிப்பு ஏறும் என்று தெரிந்ததும், 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் ஏழைகள் குடியிருந்த அடுக்குமாடிகளில் அடுத்தடுத்துத் தீப்பிடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். பல தீக்கள் தற்செயலானவை அல்ல, குடியிருந்தவர்களைக் கிளப்புவதற்காக வைக்கப்பட்டவை என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மேக்ஸ்வெல்ஸில் முதல் கிடார் ஒலித்ததும், நாலு தெரு தள்ளி ஃபயர் என்ஜின் மணி அடித்ததும் ஒரே வருஷங்களில்தான். அந்த ஊரின் இசை வரலாற்றை எழுதுகிறவன் இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

காப்பித் தொழிற்சாலைக்குப் பக்கத்தில்

ஆற்றங்கரையில் 'மேக்ஸ்வெல் ஹவுஸ்' காப்பிக் கம்பெனியின் பெரிய தொழிற்சாலை 1939-லிருந்து 1992 வரை இருந்தது. அதன் தொழிலாளர்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து உட்காரும் கடைதான் நம்ம கடை. பெயரும் அங்கிருந்து வந்ததுதான். 1978-ல் ஸ்டீவ் ஃபாலன் என்ற இளைஞர் குடும்பத்தாரோடு சேர்ந்து அந்தக் கடையை எடுத்து நடத்தினார். உள்ளூர்ப் பசங்கள் நாலு பேர் பின்னறையில் வாசிக்கலாமா என்று கேட்க, சரி என்றார். அந்தக் குழுவுக்குப் பெயர் 'ஏ'. ஆமாம், ஒரே எழுத்து. அதிலிருந்த மூன்று பேர் பிறகு 'தி பாங்கோஸ்' ஆனார்கள். நான்காமவர் க்ளென் மாரோ பின்னாளில் 'பார்/நன்' என்ற சின்ன ரெக்கார்டு கம்பெனியை நடத்தினார்.

ஃபாலனின் சாமர்த்தியம் எளிமையானது. வாசிக்க வருகிறவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டார், மரியாதையாக நடத்தினார். வேனில் பத்து மணி நேரம் ஓட்டிவந்து, கிடைத்த இடத்தில் ரொட்டி தின்று வாசிக்கும் பசங்களுக்கு இது பெரிய விஷயம். செய்தி பரவியது. நியூயார்க்கில் பெரிய இடத்தில் வாசிக்கப் போகிற குழுகூட மேக்ஸ்வெல்ஸுக்கும் ஒரு ராத்திரி ஒதுக்கியது. ஃபாலன் 'கொயோட்டி' என்று ஒரு ரெக்கார்டு கம்பெனியும் தொடங்கினார். நியூ ஜெர்சிக் குழுவான 'தி ஃபீலீஸ்' 1986-ல் வெளியிட்ட 'தி குட் எர்த்' அதில்தான் வந்தது. யோ லா டெங்கோவின் முதல் ஆல்பமும் அதே வருஷம் அதே கம்பெனி.

அறையின் வருகைப் பதிவேடு சாதாரணமானதல்ல. ஆர்.ஈ.எம். வந்தார்கள். மின்னியாபொலிஸ் நகரத்து 'ரீப்ளேஸ்மெண்ட்ஸ்' 1986 பிப்ரவரி 4-ல் அங்கே வாசித்ததை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள், அது 2017-ல்தான் ஆல்பமாக வெளிவந்தது. புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் 1985-ல் 'க்ளோரி டேஸ்' பாட்டின் வீடியோவில் ஒரு பகுதியை அங்கே எடுத்தார், இயக்குநர் ஜான் சேல்ஸ். 1989 ஜூலையில் நிர்வாணா வாசித்தது. உலகம் அவர்கள் பெயரைக் கேள்விப்பட இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

'நான் பிடிக்கிறேன்!'

இனி என் அபிமானக் குழு. ஐரா கப்லன் பத்திரிகைகளில் இசை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர். மேக்ஸ்வெல்ஸில் சவுண்டு மிக்ஸர் பக்கம் உட்கார்ந்தும் வேலை பார்த்திருக்கிறார். ஜார்ஜியா ஹப்லி டிரம்ஸ் வாசிப்பவர், அவருடைய அப்பா அம்மா இருவரும் ஆஸ்கார் வாங்கிய கார்ட்டூன் படக் கலைஞர்கள். இரண்டு பேரும் 1984-ல் ஹோபோக்கனில் குழு தொடங்கினார்கள். கல்யாணமும் செய்துகொண்டார்கள். பேஸ் கிடார் வாசிக்க ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மெக்நியூ வந்தார். அன்றிலிருந்து இன்று வரை இந்த மூன்று பேர்தான்.

பெயர்க் காரணம் சுவாரசியமானது. 1962-ல் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியில் ரிச்சி ஆஷ்பர்ன் என்று ஒரு ஆட்டக்காரர். உயரே போன பந்தைப் பிடிக்க இவரும் எலியோ சக்கோன் என்ற வெனிசுலா நாட்டு ஆட்டக்காரரும் ஓடி ஓடி மோதிக்கொள்வார்களாம். சக்கோனுக்கு இங்கிலீஷ் வராது. அதனால் ஆஷ்பர்ன் 'யோ லா டெங்கோ' என்று ஸ்பானிஷில் கத்தக் கற்றுக்கொண்டார். 'நான் பிடிக்கிறேன்' என்று அர்த்தம். அடுத்த தடவை கத்தினார், சக்கோன் விலகிக்கொண்டார். ஆனால் இன்னொரு பக்கத்திலிருந்து ஓடிவந்த ஃபிராங்க் தாமஸுக்கு ஸ்பானிஷ் தெரியாது. மோதல்!

ஹாஸ்டலில் என் சீனியர் ஒருத்தர், "டேய், எல்லாரும் கேக்கறதையே கேட்டுட்டு இருக்காத, இதைக் கேளு" என்று ஹாஸ்டல் நெட்வொர்க்கில் அவர்களுடைய 1997 ஆல்பத்தை எனக்கு அனுப்பினார். முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. ஒரு பாட்டு காதோடு முணுமுணுக்கிறது, அடுத்தது மிக்ஸி ஓடுகிற மாதிரி இரைகிறது. "அண்ணா, எது இவங்க ஒரிஜினல் ஸ்டைல்?" என்று கேட்டேன். "ரெண்டும்தான், விடாம கேளு" என்றார். கேட்டேன். நாலு வருஷம், செமஸ்டர் பரீட்சைகள் எட்டும் அந்தக் கிடாரோடுதான் கழிந்தன.

2012 டிசம்பர்

2001-லிருந்து யோ லா டெங்கோ ஒரு வழக்கம் வைத்திருந்தது. ஹனுக்கா என்பது எட்டு இரவு விளக்கேற்றும் யூதர் பண்டிகை, பெரும்பாலும் டிசம்பரில் வரும். அந்த எட்டு இரவும் மேக்ஸ்வெல்ஸில் வாசிப்பார்கள். ஒவ்வொரு ராத்திரியும் பாட்டுப் பட்டியல் வேறு. முதலில் வாசிக்கும் குழு யார் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். நடுவில் ஒரு நகைச்சுவைக் கலைஞர். வருமானம் தர்மகாரியங்களுக்கு. கடைசி இரவில் ஐராவின் அம்மா மேடையேறி ஒரு பாட்டுப் பாடுவது வழக்கம். எல்லா வருஷமும் நடக்கவில்லை, நடந்த வருஷங்களில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு.

நான் படிப்பு முடித்து வேலையில் சேர்ந்து ஹோபோக்கனில் மூன்று பேரோடு ஒரு ஃப்ளாட்டில் இருந்தேன. 2012 அக்டோபர் 29 ராத்திரி சாண்டி புயல் அடித்து, ஹட்சன் ஊருக்குள் வந்தது. மேற்குப் பக்கத்துத் தாழ்வான தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் மாடிகளில் மாட்டிக்கொண்டார்கள், ராணுவ லாரிகள் வந்து அழைத்துப்போயின. ஆற்றுக்கு அடியில் மன்ஹாட்டனுக்குப் போகும் ரயிலின் ஹோபோக்கன் நிலையம் முழுகிவிட்டது. டிசம்பர் 19 வரை அங்கே ரயில் இல்லை. தெருவில் நனைந்த சோபாக்களும் மெத்தைகளும் குவிந்து கிடந்தன.

அந்த டிசம்பரில்தான் யாரோ வர முடியாமல் போய், நண்பர் மூலம் ஒரு டிக்கெட் என் கைக்கு வந்தது. முன்னால் பர்கர் வாசனை, பின்னறைக் கதவில் கையில் ஒரு முத்திரை. உள்ளே போனால் மேடை என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஐரா கப்லன் என்னிடமிருந்து நம்ம லேப் மேஜை நீளத்தில் நிற்கிறார். முதல் பாட்டில் ஜார்ஜியா குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷால் டிரம்மைத் தடவினார். சாப்பாட்டுப் பக்கம் யாரோ ஸ்பூன் வைக்கிற சத்தம் கேட்டது. பின்னறையில் இருநூறு பேரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அதே அறையில் ஐரா கிடாரைக் கழற்றி ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஆட்ட, ஃபீட்பேக் காதைக் கிழித்தது. என் சட்டை பட்டன்கள் அதிர்ந்தன.

பக்கத்தில் ஐம்பது வயது தாண்டிய ஒருவர் நின்றிருந்தார். இடைவேளையில் பேசினார். 80களில் இதே தெருவில் குடியிருந்தாராம். வாடகை ஏறி ஏறி, இப்போது ஒரு மணி நேர தூரத்தில் இருக்கிறார். ஹனுக்கா வந்தால் ஒரு ராத்திரியாவது வந்துவிடுவார். நான் எவ்வளவு வாடகை கொடுக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். கோபமில்லாத சிரிப்புதான். ஆனால் ஊரின் முப்பது வருஷக் கணக்கு அந்த இரண்டு வாடகைகளுக்கு நடுவே இருந்தது. வேலையை இழந்த ஊர், அதனால் மலிவான ஊர், அதனால் பாட்டு வந்த ஊர், அதனால் கவர்ச்சியான ஊர், அதனால் என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள் குடிவந்த ஊர். ஒவ்வொரு 'அதனால்'-க்கும் யாரோ ஒருத்தர் வீட்டைக் காலி செய்திருக்கிறார்கள்.

சின்ன அறையின் கணக்கு

ஈ.சி.ஈ. படித்தவன் என்பதால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த ராத்திரி ஏன் அப்படி இருந்தது? பிறகு பெரிய அரங்குகளிலும் கேட்டிருக்கிறேன், அது ஏன் வரவில்லை?

கொஞ்சம் இயற்பியல்தான். ஒலி ஒரு செகண்டில் சுமார் 343 மீட்டர் போகும், அதாவது மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லி செகண்ட். பத்து மீட்டர் தள்ளி நின்றால் 30 மில்லி செகண்ட் தாமதம், கண்ணும் காதும் ஒத்துப்போகும். ஸ்டேடியத்தில் 100 மீட்டர் தள்ளி மேடை ஸ்பீக்கரை மட்டும் நம்பி நின்றால், குச்சி டிரம்மில் விழுந்து கால் செகண்டுக்கு மேல் கழித்துத்தான் சத்தம் வரும். அதைச் சரிக்கட்ட நடுநடுவே ஸ்பீக்கர் கோபுரங்கள், டிலே சர்க்யூட்டுகள். சின்ன அறையில் டிரம்மும் கிடார் ஆம்ப்பும் நேரடியாகவே காதுக்கு வரும், மைக்கும் ஸ்பீக்கரும் முக்கியமாகக் குரலுக்குத்தான். இன்னொன்று: திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். ஆகவே பெரிய இடத்தில் மெல்லிய ஒலி கடைசி வரிசைக்குப் போகாது, எல்லாவற்றையும் சத்தமாகவே வாசிக்க வேண்டும். முணுமுணுப்புக்கும் இரைச்சலுக்கும் நடுவே உள்ள அகலம்தான் யோ லா டெங்கோ. அந்த அகலம் சின்ன அறையில்தான் முழுசாக நிற்கும். அவர்கள் அப்படி வாசிக்கக் கற்றதே அந்த மாதிரி அறைகளில் வாசித்துத்தான் என்பது என் அனுமானம்.

பணக் கணக்கு வேறு மாதிரி. இருநூறு பேர், தலைக்கு இருபது டாலர் என்று வைத்துக்கொண்டாலும் நாலாயிரம் டாலர். இரண்டு குழுக்கள், சவுண்டு ஆள், வாசல் ஆள், மின்சாரம், வாடகை. மிஞ்சுவது சொற்பம். இடத்தின் வாடகை ஏறிக்கொண்டே போகும், அறையின் அகலம் ஏறாது. இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு ஒன்றுதான்: லாபம் குறைவு என்று தெரிந்தும் நடத்துகிற ஒரு பிடிவாதக்காரர்.

மூடியதும் பிறகும்

மேக்ஸ்வெல்ஸுக்கு அப்படி இரண்டு பேர் கிடைத்தார்கள். ஃபாலன் 1990களின் நடுவில் விற்றுவிட, புதியவர்கள் அங்கேயே பியர் காய்ச்சி விற்கும் கடை நடத்திப் பார்த்தார்கள், போணியாகவில்லை. பல வருஷம் அங்கே குழுக்களை ஏற்பாடு செய்துவந்த டாட் ஏப்ராம்சன், 'சோனிக் யூத்' குழுவின் டிரம்மர் ஸ்டீவ் ஷெல்லி முதலியோருடன் சேர்ந்து 1998-ல் மீட்டு நடத்தினார். பதினைந்து வருஷம் தாக்குப்பிடித்தது. குத்தகை முடியும் சமயம் வந்தபோது, ஊர் மாறிவிட்டது, வண்டி நிறுத்தக்கூட இடமில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். 2013 ஜூலை 31-ந் தேதி கடைசி நாள். பகலில் தெருவிலேயே விழா. ராத்திரி 'ஏ' குழு திரும்பக் கூடி வாசித்தது, பாங்கோஸும் வாசித்தது. முதலில் வாசித்தவர்களே கடைசியிலும். பிறகு வேறு கைகளில் உணவகமாகத் திறந்து, அதுவும் 2018-ல் மூடியது.

யோ லா டெங்கோ ஓயவில்லை. ஹனுக்கா இரவுகளை 2017-லிருந்து மன்ஹாட்டனின் பவரி பால்ரூமில் தொடர்ந்தார்கள், மேக்ஸ்வெல்ஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிய அரங்கு. 2023-ல் 'திஸ் ஸ்டூபிட் வேர்ல்ட்' என்ற ஆல்பம் வெளியிட்டார்கள். மூவரும் அதே மூவர். அதே 2023-ல் வாஷிங்டன் நகரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே '9:30 கிளப்' 1980-ல் இருநூறு பேர் கொள்ளும் இடமாகத் தொடங்கி, 1996-ல் 1,200 பேர் கொள்ளும் இடத்துக்குப் போனது. இப்போது அதே ஆட்கள் பழைய சின்னக் கிளப்பைப் போலவே பக்கத்தில் 450 பேருக்கு 'தி அட்லாண்டிஸ்' என்று புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பெரியதை வைத்திருப்பவர்களுக்கே சின்னது வேண்டியிருக்கிறது. தொலைத்துவிட்டுத் திரும்பக் கட்டச் செலவு அதிகம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இப்போது விண்ணப்பம். நமது சங்கம் புது ஆடிட்டோரியத்துக்கு நிதி திரட்டுகிறது. நல்ல காரியம், நானும் கொடுத்திருக்கிறேன். பட்டமளிப்பு விழாவுக்குப் பெரிய அரங்கு வேண்டும்தான். ஆனால் திட்ட வரைபடத்தில் பழைய டிராயிங் ஹால் இடிக்கப்படும் பட்டியலில் இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் டி-ஸ்கொயரோடு மல்லுக்கட்டிய அந்த ஹாலில், மேஜைகளை ஓரம் கட்டினால் இருநூறு பேர் நிற்கலாம். மேற்கூரை ஓடு, சுவர் கல், எதிரொலி அவ்வளவு மோசமில்லை, பின்பக்கம் திரை கட்டினால் போதும். புது ஆடிட்டோரியத்தில் வாசிக்க, முதல் வருஷப் பையனையும் பெண்ணையும் யாரும் கூப்பிட மாட்டார்கள். டிராயிங் ஹாலில் அவர்கள் நாற்பது பேர் முன்னால் தப்புத் தப்பாக வாசிக்கலாம், அடுத்த மாதம் கொஞ்சம் சரியாக வாசிக்கலாம்.

அந்த ஹாலை விட்டுவையுங்கள். மாதம் ஒரு சாயங்காலம் மாணவர்களிடம் கொடுங்கள், கிடாரோ நாதஸ்வரமோ கானாவோ அவர்கள் இஷ்டம். மிக்ஸரும் இரண்டு ஸ்பீக்கரும் என் செலவு. வயரிங்கை எங்கள் பேட்ச் ஈ.சி.ஈ. பார்த்துக்கொள்ளும். வாசிக்க வருகிறவர்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டை ஹாஸ்டல் மெஸ் போடட்டும். ஃபாலனும் அங்கிருந்துதான் ஆரம்பித்தார்.

(கட்டுரையாளர் நமது கல்லூரியின் 2004–2008 மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை மாணவர்.)